கடலுக்கு முதுகு காட்டிய பெட்டி

அருந்ததியக்காவின் கம்ப்யூட்டர் ஒரு புதன்கிழமை காலையில் நின்றுபோனது. அப்போது திரையில் இரத்தினசிங்கம் என்பவரின் வாழ்க்கைக் குறிப்பு பாதியில் இருந்தது. அவர் இறந்து ஒன்பது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் நினைவு மலர் கொடுக்க வேண்டும். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, குடும்ப மரம், நன்றி நவிலல் என்று இருபத்தெட்டுப் பக்கம், இருநூற்றைம்பது பிரதிகள். கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு இருபத்தாறாம் நாள் எல்லாம் போய்ச்சேர வேண்டும்.

அக்காவின் வீடு வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஏழு வருடம் வெளிநாடுகளில் திரிந்துவிட்டு வந்த நான், எதிர்வீட்டில் ஓர் அறையை ஒரு மாதத்துக்கென்று எடுத்திருந்தேன். அன்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும்போது நான்தான் டோர்ச் பிடித்தேன். அடித்தகடு துருவேறிப் பப்படம் போல நொறுங்கியது. ஒரு திருகாணி துருத்தூளோடு கழன்று மின்சுற்றுப் பலகையின் மேல் விழுந்து கிடந்தது.

அக்கா இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் இது மூன்றாவது பெட்டி. அந்த யன்னலுக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது மரைன் டிரைவும் ரயில் பாதையும்தான். கடலிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

திருத்துகிற பையன் வந்து தூரிகையால் எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தான். உள்ளே இருப்பதெல்லாம் நல்லாக இருக்கிறது, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்றான். நுகேகொடைக்குப் போய் அன்று பின்னேரமே புதியது ஒன்று வாங்கி வருகிறேன் என்று நான் சொன்னேன்.

“அதுவும் இரும்புதானே. நாலாவதையும் கடலுக்குக் குடுக்கச் சொல்லுறீரோ?” என்றார் அக்கா. சற்று நேரம் துருத்தூளை ஒரு கடதாசியில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, “மரத்தில செய்யப் போறன்” என்றார்.

உள்ளறையிலிருந்து அவருடைய கணவர் சண்முகலிங்கம் குரல் கொடுத்தார். இளைப்பாறிய எழுதுவினைஞர்; மனைவி செய்கிற மலர்கள் எல்லாவற்றுக்கும் பிழை பார்ப்பவர் அவர்தான். “முதல் அந்த மனிசன்ர புத்தகத்தை முடியும். தச்சு வேலை பிறகு பழகலாம்.”

அக்கா இரண்டையும் ஒன்றாகவே செய்யத் தொடங்கினார். அவருக்கு நாள் தவறக்கூடாது. அவருடைய அப்பா இறந்தபோது வேறொரு இடத்தில் கொடுத்த நினைவு மலர் முப்பத்துநாலாம் நாள்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன்மார் அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள். இருநூறு பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே எட்டு வருடம் கிடந்தன. அந்தப் பிந்தலுக்குப் பிறகுதான் அக்கா பக்கம் வடிவமைக்கப் பழகி, இந்த வேலையைத் தொடங்கினார். இதுவரை நூற்றுப்பத்து மலர்கள். ஒன்றுகூடப் பிந்தியதில்லை.

பெட்டி இல்லாமல் போன கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியின் மேல் பரப்பி, வயர்களைப் பொருத்தி, வேலை செய்ய வைத்தார். அந்த வீட்டுக் கூரையில் பல்லிகள் அதிகம். ஒரு பல்லி விழுந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் சோறு கறி மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்து வைத்தார். அதற்குள் பச்சை விளக்கு மினுங்க, தேவாரப் பக்கங்கள் முடிந்தன.

பலகைக்குக் கொட்டாஞ்சேனை போனோம். அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளி டோரின் என்கிற பெண்ணின் சவப்பெட்டிப் பட்டறை இருக்கிறது. பத்து வருடமாக அச்சகத்துக்குப் போய்வருவதில் இருவரும் சிநேகிதிகள். அக்கா அளவெழுதிய கடதாசியை நீட்டினார். டோரின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“இந்த அளவுக்கு ஆளு யாரு, அருந்ததி?”

“கம்ப்யூட்டர்.”

“மோசம் போயிடுச்சா?”

“இல்லை. இன்னும் உயிர் கிடக்கு.”

டோரின் வெட்டித் தள்ளிய அல்பீசியா மரத் துண்டுகளிலிருந்து நேரானவற்றைப் பொறுக்கி, மெஷினில் அளவாக அறுத்துக் கொடுத்தார். பித்தளை நிறக் கைபிடி இரண்டையும் சும்மா தருவதாகச் சொன்னார். அக்கா பலகை மட்டும் போதும் என்றுவிட்டார்.

வீட்டில் அவர் அந்தப் பெட்டியை ஒரு பக்கத்தை வடிவமைப்பது போலத்தான் செய்தார். நாலு பக்கமும் ஓரம் விட்டு, எது எங்கே வரவேண்டுமென்று பெரிய கடதாசியில் கீறி, அதைப் பலகையில் ஒட்டித் துளையிட்டார். பழைய பெட்டியில் மின்சுற்றுப் பலகையைத் தாங்கியிருந்த சின்னப் பித்தளைக் கால்கள் துருப்பிடிக்காமல் இருந்தன. அவற்றைக் கழற்றிப் பலகையில் முறுக்கினார். நான் பலகையைப் பிடித்தேன். என்னால் ஓரிடத்தில் அரைமணி நேரம் நிற்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பலகை எங்கிருந்து வந்ததென்று சண்முகலிங்கம் ஐயா கேட்டார். அக்கா மறைக்கவில்லை.

“சவப்பெட்டிப் பலகையோ? சாமித்தட்டு இருக்கிற அறைக்குள்ளயோ?”

“சவப்பெட்டி ஆகாத பலகை. ஆனதெல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போயிட்டுது.”

இரண்டு நாள் அவர் பிழை திருத்திய தாள்களை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பதினாலாம் நாள் பெட்டி முடிந்தது. மரத்தூளில் பசை குழைத்து மூட்டுகளை எல்லாம் அடைத்திருந்தார். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டி ஓடியது. வயர்களுக்கான இடுக்குகளிலும் மெழுகு. ஊசி முனையளவு உப்புக்காற்றும் உள்ளே போக வழியில்லை. பழைய இடத்திலேயே யன்னலோரம் வைத்து சுவிட்சைப் போட்டார். இருபது நிமிடம் ஓடி நின்றது. ஆறவிட்டு மறுபடி போட்டார். பதினைந்து நிமிடம். மூடியைத் தொட்டால் இடியப்பம் அவிக்கிற பானை போலச் சுட்டது.

ஐயா வாசலில் வந்து நின்று பார்த்தார்.

“மூச்சுவிட ஒரு ஓட்டை வைக்கேல்லையோ?”

“ஓட்டை வைச்சா உப்பு வரும்.”

“செத்த ஆக்களுக்குத்தான் ஓட்டை இல்லாத பெட்டி, அருந்ததி.”

எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்தான். புதுப்பெட்டி வாங்கப் போகவா என்று மறுபடி கேட்டேன். அக்கா எழுந்துபோய் யன்னலைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கச் சுவரைப் பார்த்தார். வெளிச்சத்துக்காக ஏழு வருடமாக அந்த மேசை யன்னலடியிலேயே இருந்திருக்கிறது. “மேசையின்ர அந்தப் பக்கத்தைப் பிடியும்” என்றார்.

அடுத்தநாள் காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொட்டாஞ்சேனை போனார். கைபிடிக்குத் துளையிடுகிற கருவியால் டோரின் ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பது துளை போட்டார். விசிறிக்குப் பெரிய வட்டம் ஒன்றும் வெட்டினார். அக்கா துளைகளின் உட்பக்கம் நுளம்பு வலையை இரட்டையாக ஒட்டினார், பல்லிக்காக. மேசை இப்போது சமையலறைச் சுவரோரம். துளைகள் வீட்டுக்குள் பார்க்கும்படியும் மூடிய பக்கம் கடலைப் பார்க்கும்படியும் பெட்டி உட்கார்ந்தது. வெளிச்சம் போதவில்லை, பகலிலும் மின்குமிழ் போட வேண்டியிருந்தது. பதினெட்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் போட்டது மாலைவரை நிற்கவில்லை. துளைகளுக்கு முன்னால் கையை வைத்தால் இளஞ்சூடாகக் காற்று வந்தது.

இருபத்திரண்டாம் நாள் இரத்தினசிங்கத்தின் மகள் ஹம்சிகா பக்கங்களைப் பார்க்க வந்தார். லண்டனிலிருந்து வந்து நின்றவர்; களைத்த முகம். பெட்டியைக் கண்டதும், என்ன மரம் என்று கேட்டார். ஐயா வெளியே போகிறவர் போல அவசரமாகச் சாவிக்கொத்தைத் தேடத் தொடங்கினார். அக்கா உள்ளதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, வேலையை எடுத்துக்கொண்டு போவதென்றால் இப்போதே சொல்லும்படியும், வேறு ஆளிடம் கொடுக்க இன்னும் நாளிருக்கிறது என்றும் சொன்னார். நூற்றுப்பதினோராவது மலர் அந்த நேரத்தில் அவர் கையிலிருந்து போயிருக்கலாம்.

ஹம்சிகா குனிந்து துளைகளுக்குள் பார்த்தார்.

“திறந்து காட்டுவீங்களோ, அக்கா?” பிறகு சொன்னார்: “அப்பா இருந்தா இதைக் கழட்டிப் பாக்காமல் வீட்டை போயிருக்கமாட்டார். எங்கட வீட்டு ரேடியோ ஒண்டுக்கும் மூடி இருந்ததில்லை.”

அக்கா திரையைப் பார்த்தார். வாழ்க்கைக் குறிப்பில் படித்த பாடசாலைகளும் வகித்த பதவிகளும் மட்டுமே இருந்தன. “இது ஏன் இதுக்குள்ள இல்லை?” என்று கேட்டார்.

அன்றும் அடுத்தநாளும் ஹம்சிகா சொல்லச் சொல்ல அவர் அடித்தார். மூடியில்லாத ரேடியோக்கள், ஒருமுறை மின்சாரம் தாக்கிப் புருவம் கருகியது, பேரனின் விளையாட்டுக் காரைக் கழற்றிவிட்டுப் பூட்டத் தெரியாமல் விழித்தது. ஒன்றரைப் பக்கம் கூடியது. பக்கங்கள் நாலு நாலாகத்தான் அச்சாகும் என்பதால் முழுப் புத்தகத்தையும் புதிதாக அடுக்க வேண்டியதாயிற்று. குடும்ப மரத்தைச் சுருக்கினார், நன்றி நவிலலை ஒடுக்கினார், படங்களை மறுபடி வெட்டினார். மூன்று நாள் காலை முதல் மாலைவரை அந்தப் பெட்டி ஓடியது. இருபத்தாறாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாம் அச்சகத்துக்குப் போயிற்று.

முப்பத்தோராம் நாள் மலர்களைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்கு நான்தான் போனேன். சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் புருவம் கருகிய பக்கத்தைப் பக்கத்திலிருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அக்கா அடுத்த மலரின் முதற்பக்கத்தில் இருந்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

“மிச்சம் எத்தினை?”

“ஒண்டு. அதுவும் நான் ஒளிச்சு எடுத்தது.”

கையை மட்டும் பின்னால் நீட்டி அதை வாங்கினார். ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் வைத்தார்.