குடிக்காதவளின் ஈரல்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அதை எழுப்பிக்கொண்டிருந்தது நான்.

வேலை முடிந்து வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியில் இரண்டு உள்ளங்கால்களையும் தேய்த்துக்கொண்டிருந்தேன். சில கிழமைகளாகவே கடி, தேய்க்கத் தேய்க்க அடங்காத அரிப்பு. உள்ளங்காலில் தொடங்கி உள்ளங்கைக்கு வந்திருந்தது. பொழுதுபடக் கூடும். தோலில் ஒரு பரு, ஒரு சிவப்பு இல்லை. கடி தோலுக்குள்ளே எங்கோ இருந்தது.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வந்து வாசலில் நின்றார். கையிலிருந்து செதில் கலந்த தண்ணீர் சொட்டியது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தார்.

"நிப்பாட்டு."

"என்னத்தையம்மா?"

"உந்தத் தேய்க்கிறதை நிப்பாட்டு."

எங்கள் வீட்டில் முன்னொரு ஆள் இப்படித் தேய்த்திருக்கிறார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. கல்யாணம் கட்டாமல் குருநகரில் எங்களோடேயே இருந்து, நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது செத்துப்போனவர். பின்னேரங்களில் வாசற்படியின் சீமெந்து விளிம்பில் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். சரக், சரக் என்று வீடு முழுக்கக் கேட்கும்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல என் கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்விட்டார். அன்று அந்த மீனைச் சமைக்கவில்லை.

இரத்தம் சோதித்தார்கள். ஈரலில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்தார்கள். உடம்பைக் காக்கவேண்டிய படையே என் ஈரலை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் விளங்கப்படுத்தினார். காவலுக்கு நிற்பவர்கள் வீட்டுக்காரரையே அடிப்பது எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காத விஷயமில்லை. ஈரலோடு பித்தக் குழாய்களும் அடிவாங்கியிருந்தன. அதனால்தான் கடி. இந்த நோய் முற்றாக மாறாது, தினமும் விழுங்குகிற குளிசையால் அடக்கி வைக்கலாம் என்றார். ஆங்கிலத்தில் இருந்த அறிக்கையை நானே வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஓ.எல். சோதனை தாண்டிய முதல் ஆள் நான். கம்பஸ் போன முதல் ஆளும் நான்தான். எனக்கு வந்த வருத்தத்தை இன்னொருவர் எனக்கு வாசித்துக் காட்டும் நிலை இல்லை என்பதில், அந்த நேரத்திலும், எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது.

பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா கேட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை."

"கேளுங்கோ."

"கம்பஸிலை இருக்கேக்கை பெடியள் பெட்டையளோடை சேர்ந்து... ஏதும் குடிச்சுப் பழகினனியே?"

"உங்களுக்கென்ன விசரே?"

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு."

"இல்லை."

"சரி."

அந்தச் சரிக்குள் நம்பிக்கை இருக்கவில்லை. என் படிப்பைப் பற்றி மீன் விற்கிற நேரமெல்லாம் சந்தை முழுக்கக் கேட்கச் சொன்ன மனுசி, என் வாயை ஒரு சொல்லுக்கும் நம்பவில்லை. பஸ்ஸில் நான் தள்ளிப்போய் வேறு இருக்கையில் இருந்தேன்.

அப்பா கடலுக்குப் போகிறவர். கல்யாணத்துக்கு முன்னிருந்தே குடிக்கிறவர். அவர் ஈரலுக்கு ஒன்றும் வந்ததில்லை. "எனக்கு வரவேண்டிய கடிதம் விலாசம் மாறிப் பிள்ளைக்கு வந்திட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. அன்று பின்னேரம் அவர் குடிக்கவில்லை. அடுத்த நாள் குடித்தார்.

சின்னம்மாவின் கதையை எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். கண் மஞ்சளானது. ஈரல் பழுதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஈரல் பழுதென்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். ஆம்பிளைகளுக்கு அது வந்தால் குடியென்று சொல்லிவிட்டுப் பாவம் பார்ப்பார்கள். கல்யாணம் கட்டாத ஒரு குமருக்கு வந்தால் களவாகக் குடிக்கிறாள் என்று சொல்வார்கள், பாவம் பார்க்க மாட்டார்கள். சின்னம்மா எங்கே போனாலும் ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுபோவார். அது அப்பாவின் பழைய சாராயப் போத்தல். வேறு போத்தல் வீட்டில் இருக்கவில்லை. கண்டவர்களுக்கு அது போதும்.

தவக்காலத்தில் எங்கள் ஆம்பிளைகள் சிலர் கோயிலுக்குப் போய் மாதா சொரூபத்துக்கு முன்னால் குடியை விடுவதாகச் சத்தியம் பண்ணுவார்கள். அப்பாவும் இரண்டொரு தரம் பண்ணியிருக்கிறார். அந்த வருடம் அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். மறுகையில் என்னைப் பிடித்திருந்தார். கோயிலில் அந்த நேரம் பூ மாற்றுகிற இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள் நிற்கிற நேரம் பார்த்துத்தான் அம்மா போயிருக்க வேண்டும்.

"நான் குடிக்கேல்லையே அக்கா. குடிக்காததை எப்பிடி விடுறது?"

"சொல்லு. சனத்தின்ரை வாய் அடங்கும்."

"மாதாவுக்கு முன்னாலை பொய்யே சொல்லச் சொல்லுறாய்?"

"எனக்காகச் சொல்லடி."

சின்னம்மா சொன்னார். மிக மெதுவாகச் சொன்னார். பூ வைத்த பெண்களுக்கு அது கேட்டது.

கண்ணின் மஞ்சள் போகவில்லை. இப்போது அவர் குடிகாரி மட்டுமல்ல, சத்தியத்தை முறித்தவளும் ஆனார். அம்மாவும் நம்பத் தொடங்கினார். கேட்பதற்கு முன் ஒரு சந்தேகமாக இருந்தது, தங்கையின் வாயாலேயே கேட்டபிறகு அவருக்கு நம்பிக்கையாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதன்பிறகு சின்னம்மாவின் நாரி எலும்பு முறிந்தது, முதுகு கூனியது, வயிறு வீங்கியது. கடைசியில் இரத்தமாகச் சத்தி எடுத்துச் செத்தார். பிரேதம் கிடந்த வீட்டிலும் அந்தப் போத்தலைப் பற்றிக் கதைத்தார்கள்.

எனக்கு ஸ்டீரொயிட் குளிசை தொடங்கினார்கள். கண்ணில் ஏறியிருந்த மஞ்சள் வடிந்தது, கடி குறைந்தது. முகம் மட்டும் உப்பியது. கன்னங்கள் இரண்டும் உருண்டு, கண்ணாடியில் யாரோ ஒரு நல்லாய்ச் சாப்பிடுகிற பெண் நின்றாள். கண்கள் காய்ந்து, காலையில் மடல் திறக்க வலிக்கும். முழங்காலும் மணிக்கட்டும் நோகும். ஒரு ஈரலில் தொடங்கியது உடம்பு முழுக்க ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டு போனது. அலுவலகத்தில் தைரொயிட் என்று சொல்லி வைத்தேன். அது கௌரவமான வருத்தம். அந்த நாட்களில் வேறொரு கோயில் பங்கிலிருந்து ஒரு கல்யாணச் சம்பந்தமும் பேச்சில் இருந்தது.

அம்மா என் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ முன் மணந்து பார்ப்பதை ஒருநாள் கண்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் அவருடைய முகம் தெரிந்தது. ஒன்றும் மணக்காததில் அவருக்கு நிம்மதி இல்லை. ஏமாற்றம் இருந்தது. அப்போது எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு நான் குடித்திருக்க வேண்டியிருந்தது. குடிக்காத எனக்கு இது வருமென்றால், குடிக்காத சின்னம்மாவுக்கும் வந்திருக்கும். பிறகு அந்தச் சத்தியத்தை அம்மா எங்கே கொண்டுபோய் வைப்பார்?

நான் கத்தவில்லை. அவர் கோப்பையைக் கழுவினார்.

எலும்பை ஸ்கான் பண்ணிய அறிக்கையோடு அடுத்த கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"இந்த வயசுக்கு இந்த எலும்பின்ரை பலம் காணாது. ஈரல் பழுதானால் எலும்புக்குப் போகவேண்டிய சத்துச் சரியாப் போகாது. நாங்கள் தாற குளிசையும் எலும்பைக் கொஞ்சம் தின்னும். பாரம் தூக்காதேங்கோ." பிறகு அம்மாவைக் கேட்டார். "வீட்டிலை ஆருக்கும் லேசா எலும்பு முறிஞ்சிருக்கே? முதுகு கூனின ஆக்கள்?"

குடும்பத்தில் ஈரல் வருத்தம் இருந்ததா என்று முன்பு கேட்டபோதெல்லாம் நான் வாய் திறக்கமுன் அம்மா இல்லை என்று முந்திக்கொள்வார். எலும்பென்றதும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"என்ரை தங்கச்சிக்கு நாரி முறிஞ்சது டொக்டர்."

"விழுந்தவவே?"

"இல்லை. மீன் நிறைஞ்ச பேசினைத் தூக்கேக்கை. நிண்டபடி."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "வேறை என்ன வருத்தம் இருந்தது?"

அம்மா என்னைப் பார்த்தார். டொக்டரே தொடர்ந்து கேட்டார்.

"கண் மஞ்சளே?"

"ஓம்."

"கடி?"

"ஓம். காலைத் தேய்ச்சுக்கொண்டே இருப்பாள்."

"வாய் காய்ஞ்சு, தண்ணி குடிச்சபடியே இருப்பாவே?"

அம்மா டொக்டரை நிமிர்ந்து பார்த்தார். "போத்தல் எப்பவும் கையிலைதான்," என்றார். பிறகு அவசரமாக, "அவள் குடிக்கிறவள் டொக்டர்," என்றார்.

"நீங்கள் கண்டனீங்களே?"

"இல்லை."

"வேறை ஆரும்?"

"இல்லை. ஆரும் காணேல்லை."

"ஆளைப் பார்க்காமல் நான் அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. ஆனால் நீங்கள் சொல்லுறதைக் கேட்டால் மகளின்ரை வருத்தம் மாதிரித்தான் கிடக்கு. உது சில குடும்பங்களிலை வரும். குடிக்கும் உதுக்கும் சம்பந்தமில்லை."

அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நோயாளர் இருக்கிற வாங்கில் அம்மா இருந்துவிட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தானே கூட்டிக்கொண்டு போனனான். நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்." பக்கத்தில் இருந்த மனுசி யாருக்கோ சாவென்று நினைத்து அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சத்தம் அம்மாவுக்கு மட்டும் கேட்டது. எனக்குக் கடி ஏறக்குறைய நின்றிருந்தது. நான் கட்டிலில் படுத்திருப்பேன். அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

"இப்ப தேய்ச்சனியே?"

"இல்லையம்மா."

"கேட்டுதே."

"இல்லையம்மா, நான் படுத்திருக்கிறன்."

வாசற்படியை ஒருநாள் அவர் தண்ணீர் ஊற்றித் தும்பால் உரஞ்சிக் கழுவியதைக் கண்டேன். யாரும் இல்லாத படியை, மெதுவாக, ஒரு காலைக் கழுவுவதுபோல.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "சந்தையிலை சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"அவள் குடிக்கேல்லையெண்டு."

"உனக்கெப்பிடி இப்ப தெரியுமெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். அவர் தங்கையைக் கழுவி எடுக்க என்னைத்தான் தண்ணீராக ஊற்ற வேண்டும். என் கண்ணையும் என் ஈரலையும் சந்தையில் வைக்க வேண்டும். சம்பந்தம் கேட்டவர்களுக்கு அது போய்ச் சேர ஒரு மத்தியானம் போதும். அலுவலகத்துக்கு இரண்டு நாள்.

"வேண்டாம்," என்றேன்.

"சரி பிள்ளை," என்றார். கெஞ்சவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கச் சந்தைக்குப் போனேன். ஈரமும் சத்தமும் வழக்கம்போல. அம்மாவுக்குப் பக்கத்தில் நண்டு விற்கிற மாமி என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். சொந்த மாமியில்லை, தெருவில் எல்லோருக்கும் மாமி.

"ஆத்தை, என்ன முகமிது! மாப்பிளை வீட்டுச் சாப்பாடு இப்பவே வரத் தொடங்கிட்டுதோ?"

எதிரில் இறால் விற்கிறவ சிரித்தா. "உனக்கேன் எரிச்சல், உன்ரை மனுசன் உனக்கு நண்டுக் கோதுதானே தாறவர்."

"கோதெண்டாலும் தாறாரே. உன்ரை ஆள் அதையும் வித்துக் குடிச்சிடுவார்." மாமி என்னிடம் குனிந்து கண்ணைப் பார்த்தார். சிரிப்புக் குறைந்தது. "ஏதும் வருத்தமோ பிள்ளை? உன்ரை சின்னம்மாவுக்கும் முதல்லை இப்பிடித்தான் கண்..." என்று தொடங்கி, அம்மாவைக் கண்டு நிறுத்தினார். "அவளின்ரை கதை வேறை. அவள் தேடிக்கொண்டது."

அம்மா சூரை மீனொன்றைத் தராசில் வைத்திருந்தார். வாய் திறந்தது. என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, குனிந்து படிக்கல்லைச் சரிபார்க்கத் தொடங்கினார். எனக்காக, தன் தங்கையை அவர் இன்னொரு தரம் விட்டுக்கொடுத்தார். நான் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஈரல் வருத்தம் மாமி," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உரத்து வந்தது. "குடிச்சு வந்ததில்லை. எங்கடை குடும்பத்து உடம்புக்குள்ளை கிடந்தது. சின்னம்மாவுக்கும் இதுதான் வந்தது. அவ ஒரு சொட்டும் குடிக்கேல்லை."

இறால்காரி கையிலிருந்த இறாலைத் திரும்பக் கூடைக்குள் போட்டா. மாமி இடுப்பிலிருந்த கையை எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"அட பிள்ளை, அந்தக் கதையை இப்ப ஆர் நினைக்கினம்? நாங்கள் எப்பவோ மறந்திட்டம்."

"நான் நினைக்கிறன்," என்றார் அம்மா.

எழுந்து நின்றார். தராசில் மீன் தனியே ஆடியது. ஏலம் கூறுகிற குரலில், சந்தையின் மறுமுனையிலும் கேட்கும்படி, "என்ரை தங்கச்சி குடிக்கேல்லை," என்றார். யாரோ மீன் விலை கேட்டார்கள். விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் அதையே சொன்னார். வாங்க வந்தவர்கள் விளங்காமல் திரும்பிப் பார்த்தார்கள். விற்கிற பெண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக என் கண்களைப் பார்த்தார்கள், மஞ்சள் இருக்கிறதா என்று.

நல்லாய்ப் பார்க்கட்டும் என்று நான் வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றேன்.