முறிகண்டியில் இறங்காதவன்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் நிற்கும். நிற்காமல் போக எந்தச் சாரதிக்கும் துணிவு கிடையாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும், பெரிய துரைமாரின் காரும் நிற்கும். இறங்கித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக் கொறித்துக்கொண்டுதான் மீதி வழி போவார்கள். வன்னியில் காட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று வாயடிக்கிற கொழும்புக்காரனுக்கும் முறிகண்டி தெரியும்.

அன்னபாக்கியம் அந்த வாசலில் கச்சான் விற்க வந்தது வயிற்றுப்பாட்டுக்காக அல்ல. இரணைமடுக் குடியேற்றத்தில் அவளுக்கு வயல் இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகனைப் பிடிக்க வந்து குந்தியிருந்தாள்.

“இந்த றோட்டாலை போற எவனும் இங்கை இறங்காமல் போகேலாது. அவனும் ஒருநாள் இறங்கத்தானே வேணும்” என்று பக்கத்தில் கச்சான் வறுக்கிற சிவனேஸ்வரியிடம் சொல்லுவாள். சொல்லிச் சொல்லிச் சிவனேஸ்வரிக்குக் காது புளித்துவிட்டது.

மகன் யோகலிங்கம் அவளுக்கு ஒரே பிள்ளை. தகப்பன் காய்ச்சலில் போனபிறகு பொத்திப் பொத்தி வளர்த்தவள். அவன் ஒருநாள், கொடிகாமத்திலிருந்து நாற்று நட வந்த பெட்டை ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான். இவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீட்டுப் பெட்டை. காடு வெட்ட வந்த சனம் கத்தி கோடாலியோடு சாதியையும் அல்லவா மூட்டை கட்டிக்கொண்டு வந்தது!

அன்னபாக்கியம் ஏசவில்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே போய்ச் சாணித் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை நின்ற இடத்தில், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, தெளித்தாள். பெட்டையின் கால் இரண்டும் நனைந்துபோயின. யோகலிங்கம் குனிந்து, தன் சால்வையால் அவள் காலைத் துடைத்துவிட்டு, கூட்டிக்கொண்டு போனான்.

கோபம் ஆறினதும் பெற்ற மனம் கிடந்து அடித்தது. ஆறி என்ன பிரயோசனம்? போனவன் போனவன்தான். கொழும்புப் பக்கம் இருக்கிறான் என்று ஒரு கதை மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் இந்த முறிகண்டி வாசம்.

பஸ் வந்து நின்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு யன்னல் யன்னலாகப் போவாள். கச்சான் கேட்கிறவனுக்கு முதலில் கொடுக்கமாட்டாள். முகத்தைப் பார்த்து முடித்துத்தான் கொடுப்பாள். லொறிக்காரரை மறித்து, “இடது காதடியிலை மறு இருக்கும் தம்பி, கண்டால் சொல்லு” என்பாள். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று.

கொஞ்சம் தள்ளிக் காட்டுக்குள்ளால் தண்டவாளத்தில் கோச்சி கூவிக்கொண்டு போகும். அன்றாடம் கேட்டாள். ஆனால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இந்த இடத்தைத் தாண்டுகிற பிள்ளையைத் தான் பெறவில்லை என்பது அவள் எண்ணம். ஐயோ, அந்த எண்ணத்தை என்னவென்று சொல்ல!

கடைசியில் ஆளைக் கண்டது மீராசாகிபு. யாழ்ப்பாணத்து வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றுகிற வவுனியாக்காரன். ஒரு மத்தியானம் லொறியால் குதித்து நேரே அவளிடம் வந்தான்.

“அக்கா, உங்கடை பொடியனைக் கண்டன். புறக்கோட்டையிலை வெங்காயக் கடையிலை நிக்கிறான். ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்கு.”

அன்னபாக்கியம் அவன் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். “சுகமா இருக்கிறானோ? இந்தப் பக்கம் வாறதே இல்லையோ?”

மீராசாகிபு பிடரியைச் சொறிந்தான். “வருசா வருசம் பொங்கலுக்கு மனிசியோடை கொடிகாமம் போறவன்தான். கோச்சியிலை. பஸ்ஸிலை வந்தால் இங்கை இறங்கவேணும். இங்கை நீங்கள் இருக்கிறீங்கள் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்.”

அவனைக் காணவென்று குந்திய இடமே அவனைத் துரத்தியிருக்கிறது.

“அப்ப பிள்ளையாருக்கு?”

“கோச்சி கோயிலடியிலை நிக்குமோ, அக்கா?”

தேங்காய் உடைக்காமல் போகிறான், மடியில் பச்சைப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு. ஏதும் நடந்தால் அந்தப் பழி யாருக்கு? அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

“லொறியிலை ஏறுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றான் மீராசாகிபு.

“வேண்டாம். அவன்ரை வாசலிலை நான் போய் நிண்டால் கொழும்பையும் விட்டிட்டு ஓடுவான். நீ ஒண்டு செய். நான் காய்ச்சலிலை செத்துப்போனன், எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லு.”

“அல்லாவே! உயிரோடை இருக்கிறவவை அப்பிடிச் சொல்ல என்ரை வாய் வராது.”

“நீ சொல்லாட்டில் வேறை லொறிக்காரனிட்டைச் சொல்லிவிடுவன்.”

கச்சான் வறுக்கிற தாச்சியையும் தட்டையும் சிவனேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே குடியேற்றத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த நடை திரும்புகையில் மீராசாகிபு வீடு தேடி வந்தான். கதிரையை இழுத்துப் போட்டாள்; அவன் இருக்கவில்லை.

“சொன்னியோ?”

“சொன்னன்.”

“அழுதவனோ?”

மீராசாகிபு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சொல்லு தம்பி. செத்தவளுக்கு என்னத்தை மறைக்கிறாய்?”

“வெங்காயச் சாக்குத் தைச்சுக்கொண்டு நிண்டவன். தைச்சு முடிச்சான். பிறகு, அப்ப இந்தப் பொங்கலுக்குப் பஸ்ஸிலை போகலாம் எண்டான்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான், அக்கா.”

கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவன் இறங்குவான், பிள்ளையாரும் காப்பார். அன்னபாக்கியம் மீராசாகிபுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தாள். பிறகு குசினிக்குள் போய்க் குந்தி, தலையில் அடித்து, செத்த வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். அவளுக்காக அழ வேறு ஒருவரும் இருக்கவில்லை.