ஏசி கழற்றிய வண்டி

திருமுல்லைவாயில் தாண்டும்போது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்து ஏசியைக் கொஞ்சம் கூட்டினேன். உடனே பானெட்டுக்குள் இரும்புத் தகட்டைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு கிறீச்சல். பயந்துபோய் ஏசியை அணைத்தேன். சத்தம் குறைந்தது, நாற்றம் குறையவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், வழக்கமாகப் பார்க்கும் ஆவடி மெக்கானிக்கின் ஷெட்டில் நிறுத்தினேன்.

அது பழைய கார். நானும் அக்காவும் சேர்ந்து வாங்கியது. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பட்டாபிராமில் ஒரு ஃப்ளாட்டில் சேர்ந்தே இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, தரப் பரிசோதனைப் பிரிவில். அக்காவுக்கு அதற்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸ். காலையில் சேர்ந்து போவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம்.

அக்காவுக்கு ஆஸ்துமா. வண்டி வாங்கியபோது அதில் ஏசி கிடையாது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எங்கே பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்த சமயம். அந்தப் புழுதியில் அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, வெளியே ஒரு கடையில் கொடுத்து ஏசி பொருத்தினோம். அதற்குப் பிறகு, தெருமுனையில் புழுதியைப் பார்த்ததுமே கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிடுவேன், போய்ச் சேரும் வரை கண்ணாடி இறங்கியதே இல்லை. எனக்குக் குளிரும், அவளுக்குப் போதாது. நான் குறைப்பேன், அவள் கூட்டுவாள். அம்பத்தூர் வரைக்கும் இதே சண்டை நடக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

மெக்கானிக் வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கம்ப்ரசர் ஜாம் ஆயிடுச்சு மேடம். முன்னால கீற கண்டென்சரும் துரு புட்ச்சி ஓட்டையா கீது. போடணும்னா எல்லாமே புச்சாத்தான் போடணும். இந்த வண்டிக்கு அது தேவையானு பாத்துக்கோங்க."

"கழட்டிடுங்க" என்றேன்.

"எது, மொத்தமாவா?"

"மொத்தமா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார். "வெயிலுக்குக் கஷ்டமா இருக்குமே மேடம். கூட வர்றவங்க எதுனா சொல்லப் போறாங்க."

"கூட யாரும் வர்றதில்ல."

அந்த வார்த்தையை அதுவரை யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டி வந்ததும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அந்த ஷெட்டில் நின்று சொன்னபோது, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் இருந்தது.

ஏசி இல்லாத வண்டியை முதல் தடவையாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆபீஸிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷம் போய்வந்த ரோட்டில் இவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனூர் பக்கம் ரயில் போகும் சத்தம் காதுக்குள் வந்தது. ஏதோ பேக்கரியிலிருந்து பன் வேகும் வாசனை. எல்லாரும் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஏற்றினால் புழுங்கும்.

இரண்டாவது வாரம், ஆவடி செக்போஸ்ட் அருகே நெரிசலில் நின்றபோது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி. இறங்கி நின்றேன். ஃபோனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தால், அப்படிக் கூப்பிடும் அளவுக்கு யாரையும் நான் வைத்துக்கொள்ளவில்லை என்று புரிந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ரேடியேட்டர் பக்கம் போனேன்.

"மூடிய தொறக்காத மா! மூஞ்சில அட்ச்சிடும்!" ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் கத்திக்கொண்டே ஓரம் கட்டினார். "அது பாட்டுக்கு ஆறட்டும். அப்பால ஊத்து." சொல்லிவிட்டு, பின்னால் ஹார்ன் அடிக்கவே, போய்விட்டார். ஆறும் வரை வண்டிப் பக்கத்திலேயே நின்றேன்.

மெக்கானிக், இது ஒயரிங் சமாச்சாரம், தன் வேலை இல்லை என்று சொல்லி, பூந்தமல்லியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதை ஒட்டிய வயசு, கிட்டத்தட்ட என் வயசுதான் இருக்கும். அவர் என்னை முதல் வார்த்தையிலேயே "அக்கா" என்றார். மெட்ராஸில் கடைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

அவர் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். எரிந்துபோன ஒரு ஃபியூஸை எடுத்து மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் மேலே ஏறியது. ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை.

"அக்கா, இந்த ஃபேன் இன்ஜின் சூட்டுக்குத் தானா சுத்தணும். அதுக்குன்னு ஒரு சுச்சு கீது, சூடு பட்டா ஆன் ஆவுற சுச்சு. அது செத்து எத்தினி வருஷம் ஆச்சோ. உங்க வண்டிக்கு ஏசி போட்டவன், ஏசி ஆன் பண்ணா ஃபேனும் சுத்துற மாரி ஒயர் இஸ்து வுட்டுக்கீறான். நீங்க ஏசி இல்லாம ஓட்டுனதே இல்ல போல. அதான் தெரியல."

"இத்தனை வருஷமா ஏசியாலதான் இன்ஜின் சூடாகாம இருந்துச்சா?"

"அப்டித்தான் வச்சிக்கோங்க."

கூட்டு, கூட்டு என்று அக்கா சண்டை போட்டதெல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. பாயிடம் சொன்னேன். அவர் பாதி கேட்டு, பாதி ஃபேனைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

புதுச் சுவிட்ச் போட்டு, ஃபேனுக்குத் தனியாக ஒயர் கொடுத்தார். சூடாவது நின்றது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரமே காற்று வரும் பிளோயரும் வைப்பரும் ஒன்றாக நின்றுபோயின. ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன். சில நாள் ஓடியது, மறுபடி போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி போக ஆரம்பித்தேன். பாய் டாஷ்போர்டைப் பிரிப்பார், ஒயர்களை அசைத்துப் பார்ப்பார், வைப்பரை மணிக்கணக்கில் ஓடவிடுவார். அங்கே எதுவும் ஆகாது. "இங்க வந்தா சமத்தா கீது பாருங்க" என்று வண்டியைத் தட்டுவார். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் மனைவி எனக்கும் சேர்த்து டீ கொடுத்தனுப்புவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே போகும்போது ஃபியூஸ் போனது, அப்போது லைட் எரிந்ததா, ஹார்ன் அடித்தேனா என்று அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது தொண்டை லேசாகக் கட்டியிருந்தது. சளியா என்று யோசித்தேன். இல்லை, வெகுநேரம் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பாய் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க எப்பிடி ஓட்டுவீங்களோ அப்டியே ஓட்டுங்க. நான் பாக்குறேன்."

அந்த இடதுபக்க சீட்டில் அக்காவுக்குப் பிறகு உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். ஆவடி ரோட்டில் பருத்திப்பட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எம்-சாண்ட் மணல் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பி எங்களுக்கு முன்னால் போக ஆரம்பித்தது. தார்ப்பாய் சரியாக மூடவில்லை. புழுதி பறந்தது. நான் கண்ணாடியை ஏற்றினேன்.

'டப்' என்று மெல்லிய சத்தம். பிளோயர் நின்றது.

"அக்கா, இப்ப இன்னா அமுக்குனீங்க?"

"ஒண்ணும் அமுக்கலையே பாய்."

"இல்லக்கா. நான் பார்த்தேன். ஏசி சுச்ச அமுக்குனீங்க."

வண்டியை ஓரத்தில் நிறுத்திப் பார்த்தேன். டாஷ்போர்டில் அந்தப் பழைய சுவிட்ச் உள்ளே அழுந்தியிருந்தது. அதன் சின்ன விளக்கு எப்போதோ அணைந்துபோனது, அதனால் கண்ணில் படவில்லை. அமுக்கியது எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவை ஃபியூஸ் போனதையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி. இன்னொரு தடவை கட்டடம் இடிக்கும் இடம். ஒரு தடவை குப்பை எரிந்துகொண்டிருந்தது. புழுதியைப் பார்த்ததும் ஒரு கை கண்ணாடியை ஏற்றுகிறது, இன்னொரு கை தானாக அங்கே போகிறது. வண்டியை நிறுத்தும்போது அதே கை அதை அணைத்தும் விட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருமல் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று பழகிய கை.

பாய் இறங்கி பானெட்டைத் திறந்தார். கம்ப்ரசருக்குப் போன ஒயரின் முனையை, ஏசியைக் கழற்றியபோது மூடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அது பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. "சுச்சு போட்டா கரன்ட் வருது, நேரா பாடில எறங்குது, ஃபியூஸ் பூடுது. வைப்பரு, பிளோயரு எல்லாம் அதே ஃபியூஸ்ல மாட்டிக்கீறான். அதான்." பிறகு என்னைப் பார்த்து, "யாருக்குக்கா ஏசி போட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு. இப்ப இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கடைக்குத் திரும்பியதும் அந்த ஒயரை டாஷ்போர்டு வரைக்கும் உருவி எடுத்துச் சுருட்டினார். "சுச்சையும் கழட்டிடட்டா? ஓட்டைக்கு ஒரு மூடி போட்டுடலாம்."

"வேண்டாம் பாய், இருக்கட்டும்."

அவர் அதை நாலைந்து தடவை அமுக்கிக் காட்டினார். "இனிமே எத்தினி தபா அமுக்குனாலும் ஒண்ணியும் ஆவாது."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். அவள் இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போடுவதிலும், நாற்காலி எடுத்துப் போடுவதிலும் அந்த நாள் போய்விட்டது. இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்த்துக்கொண்டு, பட்டாபிராம் வரும் வரை அழுதேன்.

வண்டி சரியானதும் ஞாயிற்றுக்கிழமைகள் வெறிச்சென்று ஆகிவிட்டன. ஒரு ஞாயிறு பூந்தமல்லிக்கே போய்விட்டேன். பாய் ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் நீட்டி, "இன்னாக்கா, மறுபடியும் ஃபியூஸா?" என்றார்.

"இல்ல பாய். பேட்டரியில தண்ணி இருக்கான்னு பார்க்கலாம்னு."

எழுந்து வந்து பார்த்தார். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. டெம்போக்காரர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மழைக்காலம் வந்தபோதுதான் ஏசி இல்லாததன் இன்னொரு சங்கடம் தெரிந்தது. மழையில் கண்ணாடிகளை மூடினால் உள்ளே ஆவி படிந்து முன்னால் ரோடே தெரிவதில்லை. திறந்தால் வலது தோள் நனைகிறது. ஒரு சாயங்காலம் ஆவடி பஸ் ஸ்டாண்ட் அருகே, எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் பெண் குடையில்லாமல் நின்றிருந்தாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே கண்ணாடி வெள்ளையாக மங்கியது. நான் தனியாகப் போகும்போது இவ்வளவு சீக்கிரம் மங்குவதில்லை. இரண்டு பேர் மூச்சு அல்லவா.

"ஏசி போட்டா சரியாயிடும் ஆன்ட்டி" என்றாள்.

"ஏசி இல்லம்மா. கழட்டியாச்சு."

"ஐயோ, ஏன்?"

கேட்டுக்கொண்டே அவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். தன் பக்கம் முதலில், பிறகு எம்பி என் பக்கம். வீடு வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆபீஸ் கதை ஏதோ சொன்னாள். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, ஆனாலும் "ம்" கொட்டினேன்.

கேட் அருகே இறங்கி, நன்றி சொல்லி, தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடினாள். நான் வண்டியைத் தூணுக்குப் பக்கத்தில் என் இடத்தில் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்த பிறகும் பாய் சரிசெய்த ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. கண்ணாடி மெதுவாகத் தெளிந்துகொண்டு வந்தது.