கரட்டு மேல் முளைத்த செடி

எங்கள் ஊர் மண்ணரைக்கு வெளியே, எங்கள் காட்டை ஒட்டி ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் உச்சியில், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சத்தத்தைக் கேட்பதற்கென்று சர்க்கார் ஒரு தகரக் கூடம் கட்டியிருந்தது. கூரை மேல் அண்டா மாதிரி ஒரு இரும்புக் கிண்ணம். அங்கே வந்த அதிகாரிகள் ஊரில் யாரோடும் பேசியதில்லை. நான் கல்யாணமாகி வந்த சில வருஷங்களில், மனிதன் நிலாவுக்குப் போய்வந்த சமயம், மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வாட்ச்மேன் ஒருவர் மட்டும் சாவியோடு மிஞ்சினார்.

அடுத்த மழைக்குக் கரட்டில் யாரும் கண்டிராத செடி முளைத்தது. செவ்வந்தி மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. வெள்ளாடே வாய் வைக்கவில்லை என்றதும், அது வானத்திலிருந்து விழுந்த விதை என்று ஊர் பேசியது.

பனியன் கம்பெனி எதிரே டீக்கடை வைத்திருந்த பாய்க்கு நான் எருமைப்பால் ஊற்றிவந்தேன். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க அம்மிணி. டீ கசக்குதுன்னு கம்பெனி ஆளுக கிளாஸை அப்படியே வெச்சிட்டுப் போறாங்க. பால்ல என்னங்க கலக்கறீங்க?”

“தண்ணி கூடக் கலக்கறதில்லீங்க பாய்.”

தலையாட்டினார். ஆனால் மறுநாள் என் எதிரிலேயே பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

கரட்டில் முளைத்த அந்தச் செடிதான் காரணமோ என்று பட்டது, என் சந்தேகம் வாட்ச்மேன் மேல் போனது. அவர் சாக்கும் கையுமாகக் கரட்டில் ஏறி இறங்குவதை நான் கவனித்திருந்தேன். “சர்க்கார் ஆளு, நமக்கெதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. அவருடைய அக்காவை, எங்கள் பேச்சில் நங்கையாவை, துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் ஏறினேன்.

கதவு திறந்தே கிடந்தது. சிமெண்ட் தரையைப் பிளந்துகொண்டு இடுப்பளவு செடி. தகரம் பெயர்ந்த இடங்களில் வெயில் விழ, அந்த வெளிச்சத்தை நோக்கி எல்லாம் சாய்ந்து நின்றன. நடுவில் உட்கார்ந்து வாட்ச்மேன் பிடுங்கிக்கொண்டிருந்தார். கைகள் வீங்கி, தோல் வெடித்து, நீர் வடிந்தது.

“உள்ள வராதிய! மேலெல்லாம் அரிச்சுப் பிச்சிரும்.”

“இதெல்லாம் எப்படீங்க வந்துச்சு?”

“மெசின் வந்த பெட்டியில வச்சிருந்த வைக்கோலை, போவும்போது இங்கனதான் கொட்டுனாவ. அதுலதான் வந்திருக்கணும்னு நெனைக்கேன்.”

“ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?”

“நாந்தான் வெதைச்சேன்னு சொல்லிருவாவல்லா?”

நானும் அப்படி நினைத்துத்தான் வந்திருந்தேன்.

நங்கையா விடவில்லை. “புடுங்கினதை எங்கீங்க போடறீங்க?”

“கீழ பள்ளத்துல.”

அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் எருமை மேயும். காய்ந்த புல்லோடு வாடிய செடியையும் தின்றிருக்கிறது. திட்டத்தான் வாயெடுத்தேன், அந்தக் கைகளைப் பார்த்ததும், “இனிமே பள்ளத்துல போடாதீங்க” என்று மட்டும் சொன்னேன்.

எருமையை வேறிடத்தில் கட்டினோம். பாலில் கசப்பு போய்விட்டது. நடந்ததைச் சொன்னதும் பாய் வருத்தப்பட்டார். ஆனாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வாட்ச்மேன் செடிகளை அங்கேயே எரித்தார். அது அடங்குவதாயில்லை, பல்லடம் ரோட்டோரம் வரை பரவியது.

சில மாதங்களில் சர்க்கார் வாட்ச்மேனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்தவர் எழுந்து பின்சீட்டுக்குப் போனார்.