முன்வரிசைச் சிரிப்பு

படம் ஓடும்போது பிறருக்கு இடைஞ்சலாகப் பேசக் கூடாது என்பது திரையரங்க விதி. தாலுகா ஆபீஸில் பணிக்காலம் முழுவதும் ஊருக்கே விதி சொன்ன நான்தான் அதை மீறினேன்.

சித்திரையில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மனைவியோடு ராஜபாளையத்துக்குப் படம் பார்க்கப் போயிருந்தேன். உலக வரலாற்றையே கிண்டலடிக்கும் படம். கொலம்பஸ் டீக்கடையில் இந்தியாவுக்கு வழி கேட்டான். நெப்போலியன் பட்டா மாறுதலுக்கு வரிசையில் நின்றான்.

"அவன் காலத்துல பட்டா ஏது?" என்று ஆரம்பித்து, காட்சிக்குக் காட்சி நான் திருத்தம் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, பரீட்சை எப்பன்னும் சொல்லிருங்க" என்றார். அரங்கமே சிரித்தது.

மனைவி எழுந்தாள். "நீங்க பாடம் நடத்துங்க. நான் படம் பாக்கப் போறேன்."

முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். சற்று நேரத்தில் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அதற்குப் பிறகு திரையில் எந்த ராஜா செத்தான் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில், "இன்னொரு படத்துக்குப் போவமா? வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மனு கொடுத்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்த அதே பதில். அது எவ்வளவு கொடுமையானது என்று அன்றுதான் புரிந்தது.

நினைவூட்டல் எதுவும் அனுப்பாமல் காத்திருந்தேன். "சரி, வாரேன். பக்கத்துலயே உக்காருறேன்" என்று அவள் சொன்னது ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று.