மாமா காய்ச்சிய பியர்

மாமாவின் இரண்டு கைகளையும் வேகவைத்தவள் நான்தான். இது இன்றுவரை எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தன் தம்பியான மாமாவின் கவனக்குறைவால்தான் நடந்தது என்றே அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அவனுக்கு எப்பவும் ஒரு அவதி, அவசரம்" என்று முடித்துவிடுவார். நானும் தலையை ஆட்டுவேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் மூன்றாம் தட்டில் இருந்தோம். மாமா இலங்கையிலிருந்து வந்து எங்களோடு தங்கி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடிவரவுக் கந்தோருக்குப் போய், தற்காலிகமாகத் தங்க விடும் ஒரு தாளைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அவருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ஏதாவது ஒரு தொழிலில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்து, முதலாளி பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால், பயிற்சி முடியும்வரை அவரை நாட்டில் இருக்க விடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் விளங்கியது. அன்றைக்கு அவுஸ்பில்டுங் என்பது சாப்பாட்டு மேசையில் அடிக்கடி விழும் ஒரு சொல். அதைச் சொல்லும்போது பெரியவர்களின் குரல் தாழும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வெதுப்பகம், முடிவெட்டும் கடை, முதியோர் இல்லம் என்று அலைந்த மாமாவுக்குக் கடைசியில் சம்மதம் சொன்னது, நகரத்தின் விளிம்பில் பியர் காய்ச்சும் ஒரு சிறு தொழிற்சாலை. இரண்டு கிழமை வேலைசெய்து காட்டினால் ஒப்பந்தம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை ஒரு மிடறு பியர்கூடக் குடித்தறியாத மாமா நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, எங்கள் குசினியிலேயே பியர் காய்ச்சிப் பழகத் தொடங்கினார்.

"வீட்டைக் கள்ளுத் தவறணை ஆக்கப்போறியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டும் தெரியாமல் போய் நிக்க ஏலாது அக்கா" என்றார் மாமா.

அப்பாவுக்குப் பியரைப் பற்றிக் கவலையில்லை. வாடகை வீட்டின் சீலிங்கில் மாமா துளைபோட்டு ஒரு கொக்கி பூட்டியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கொக்கி இல்லாமல் அந்த வேலை நடக்காது. உடைத்த பார்லியை வலைத்துணிப் பையொன்றில் போட்டு, பெரிய பானைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைப்பார். பிறகு பையைத் தூக்கிப் பானைக்கு மேலே தொங்கவிட வேண்டும். பார்லியின் இனிப்பெல்லாம் இறங்கிய அந்த நீர் பானைக்குள் வடிந்து முடிந்ததும், அதைக் கொதிக்கவைத்துப் பியராக்க வேண்டும். ஊறிய பை என் புத்தகப் பையைப்போல் இரண்டு மடங்கு பாரம். கொக்கிக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு மாமா அதை இழுத்து உயர்த்துவார். கயிற்றின் மறுமுனையை ஹீட்டர் குழாயில் கட்டிவிட்டு, இரண்டு மூடிகளுக்கு நடுவே பையை வைத்துப் பிழிவார். வீடு முழுக்க ஹோர்லிக்ஸ் மணக்கும்.

வேலைக்குப் போகவிருந்த திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, மூன்றாவது தடவையாகக் காய்ச்சினார். அம்மா குளியலறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

"மாமா, இண்டைக்குக் கயித்தை நான் பிடிக்கிறன்" என்று கெஞ்சினேன்.

மாமா கயிற்றை ஹீட்டர் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை என்னிடம் தந்தார். "நான் சொல்லுமட்டும் விடாதை பிள்ளை, என்ன?"

பை மேலே ஆடியது. பழுப்பு நிற நீர் முதலில் கொட்டியது, பிறகு நூலாக இறங்கியது. நேரத்தை மிச்சம்பிடிக்க மாமா அடுப்பின் சூட்டை ஏற்கனவே கூட்டியிருந்ததால் பானையிலிருந்து ஆவி பறந்தது. இவ்வளவு பாரத்தையும் தாங்குகிறேன் என்ற பெருமையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் முக்கிறாய்? பாரத்தைக் குழாயெல்லோ தாங்குது. நீ சும்மா பிடிச்சால் காணும்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. குழாய்தான் தாங்குகிறதென்றால் நான் எதற்கு? பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். மனதில் ஓடிய சொல் அதேதான்: பார்த்துவிடுவோம். மாமா பையைப் பிழிய இரண்டு கைகளையும் நீட்டிய நேரத்தில் நுனியை விட்டேன்.

கயிறு சர்ரென்று ஓடியது. பை பானைக்குள் விழ, கொதிக்கக் காத்திருந்த அந்த இனிப்பு நீர் எழும்பி அவருடைய முழங்கைவரை அடித்தது. பாகுபோல ஒட்டிக்கொண்டது. மாமா கத்தவில்லை. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் வந்தது. தண்ணீர்க் குழாயைத் தாடையால் தள்ளித் திறந்து கைகளை அதன்கீழே பிடித்தார்.

அம்மா சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். "ஐயோ, என்னடா செய்தனி?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் அக்கா. கயித்தைக் கை வழுக்க விட்டிட்டன்."

எனக்கு அப்போது வந்தது ஆறுதல். ஏச்சு விழாது என்ற ஆறுதல் மட்டுமே. இதை எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் வேறெதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் விரல்நுனிவரை கட்டுப் போட்டார்கள். திங்கட்கிழமை மாமா போகவில்லை. முதலாளிக்கு அம்மா தொலைபேசியில் சொன்னபோது, காயம் ஆறட்டும், பார்ப்போம் என்றாராம். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அப்பா, "பியர் காய்ச்சப் போனவன் கையைக் காய்ச்சிக்கொண்டு நிக்கிறான்" என்று சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்தார்.

மாரி தொடங்கியபோது அவரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வவுனியாவில் கைத்தொலைபேசி திருத்தும் ஒரு கடையில் நிற்கிறார். வீடியோவில் பேசும்போது கையைக் கமராவுக்கு வெளியே வைத்துக்கொள்வார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் அழைக்கிறேன். கடைசியில் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது கைகள் வெந்த நாள் அல்ல, கடிதம் வந்த நாள். கட்டை இன்னும் அவிழ்க்காததால் மாமாவால் உறையைக் கிழிக்க முடியவில்லை. நான் கிழித்தேன். வகுப்பில் ஜெர்மன் வாசிப்பில் நான்தான் முதலாவது. பியர்த் தொழிற்சாலை முதலாளியின் கடிதத்தை ஒரு சொல் பிசகாமல், நிறுத்தவேண்டிய இடங்களில் நிறுத்தி, உரக்க வாசித்தேன். முதல் வரியிலேயே மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வருத்தப்படுகினமாம். வேற ஒராளை எடுத்திட்டினமாம். மாமான்ர எதிர்காலத்துக்கு எல்லா நன்மையும் கிடைக்கவேணுமாம்.

அவ்வளவு மரியாதையாக எழுதிய கடிதத்தை எங்கள் வீட்டுக்கு அதுவரை யாரும் அனுப்பியதில்லை. ஒராளை எடுத்தால் என்ன, அடுத்ததாக மாமாவை எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

"நல்ல ஆக்கள் மாமா" என்றேன். "அப்ப நீங்கள் எப்ப வேலைக்குப் போறீங்கள்?"

அம்மா குசினிக்குள் போய்விட்டார். மாமா கட்டுப் போட்ட கையை என் தலையில் மெதுவாக வைத்தார்.

"கெதியிலை, இன்னும் கொஞ்ச நாளிலை போயிடுவன் பிள்ளை" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.