அடுப்பைப் பார்க்காத பெண்கள்

ராயப்பேட்டையில் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருக்கிறது. எட்வர்டு மன்னர் காலத்து ஆங்கிலப் படப் பத்திரிகை ஒன்றின் பக்கம் அது. பெரிய இரும்பு அடுப்பு, அதன்மேல் கைப்பிடி வைத்த பாத்திரம். வெள்ளைத் தொப்பி போட்ட வேலைக்காரப் பெண் கையில் கரண்டியோடு நிற்கிறாள். வாசலில் நீண்ட கவுன் அணிந்த எஜமானி. வேலைக்காரியின் முகம் எஜமானி பக்கம் திரும்பியிருக்கிறது. பாத்திரத்தின் விளிம்பில் ஓவியர் கொஞ்சம் நுரை போட்டிருக்கிறார். அந்த நுரையை எனக்குக் காட்டியவர் ஒரு சமையல்கார அக்கா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வருடங்கள் போயும் குறையவில்லை.

அப்போது அடையாறில் ஒரு மேடம் வீட்டில் எனக்கு வேலை. பிளஸ் டூவும் தட்டச்சும்தான் என் படிப்பு. லண்டனிலிருந்து மேடம் வரவழைத்த பழைய பத்திரிகைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் எழுதுவேன். அவற்றில் வந்த சமையலறைகளையும் வீட்டு வாழ்க்கையையும் பற்றி அவர் தமிழில் எழுதிய புத்தகத்தைக் கணினியில் அடித்துக் கொடுப்பேன். நான் அதிகம் பேசாதவன். யாராவது குரலை உயர்த்தினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். மதியம் சமையலறையில் அக்காவோடு சாப்பிடுவதுதான் எனக்கு நிம்மதி. ஆற்றோரம் இருந்த அவர் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிக் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது.

ஒருநாள் இந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா அதன்மேல் குனிந்திருந்தார்.

"இன்னா நைனா இது, அடுப்புல பால வச்சிட்டு அந்தம்மா மூஞ்சியப் பாத்துக்கினு கீது. பொங்கிடாது?"

பால் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நுரையைக் காட்டினார். "கொழம்புக்கு இப்டியா நுர கட்டும்? நீ கல்யாணம் பண்ணி பொண்டாட்டி கையால தின்றவன், உனுக்கு எங்க தெரியும்."

மற்ற படங்களையும் எடுத்துவரச் சொன்னார். இருபதுக்கு மேல் இருந்தன. புதிய காஸ் அடுப்பு விளம்பரம், கிறிஸ்துமஸ் சமையல், பெரிய மாளிகையின் சமையல்கட்டு. அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். "பாரு, ஒருத்தியும் அடுப்பப் பாக்கல. இம்மாம் பெரிய அடுப்பு, ஒருத்திக்கும் வேர்க்கல. வேல செய்றவ அடுப்பத்தான் பாப்பா. இவன் சமையல வரையல நைனா. யாரு சொன்னா யாரு கேக்கணும்னு வரைஞ்சிகிறான்."

மேடம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. நோட்டோடு உள்ளே வந்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு பல வாரங்கள் மதியம் முழுக்க அக்காவைப் படங்களோடு உட்கார வைத்தார். எந்தப் பாத்திரம் புதிது, எந்தத் துணி அழுக்குப்படாதது, எந்தக் கை கரண்டி பிடித்துப் பழகாதது என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "புத்தகத்துல உங்க பேரைக் கண்டிப்பா போடுறேன்" என்றார். அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "அச்சுல வருது நைனா என் பேரு. ரேஷன் கார்டுல கூட தப்பாதான் கீது."

நன்றியுரையை அடித்தது நான்தான். பேராசிரியர்கள் இருந்தார்கள், லண்டன் கடைக்காரர் இருந்தார், மேடத்தின் கல்லூரித் தோழிகள் இருந்தார்கள். கடைசி வரியில், எழுதும்போது காலடியில் படுத்திருந்த செல்ல நாய்க்கும் நன்றி சொல்லியிருந்தது. அக்கா இல்லை. பிறகு சேர்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடத்திடம் கேட்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் வெளியீடு. வந்தவர்களுக்கு வடையும் கேசரியும் செய்தது அக்கா. செய்து முடித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் மேடம் படங்களைத் திரையில் காட்டி, "இந்தப் பெண்களில் ஒருத்தியும் அடுப்பைப் பார்ப்பதில்லை" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. எப்படிக் கவனித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். பல வருடம் உற்றுப் பார்த்ததில் பிடிபட்டது என்றார் மேடம். அக்காவும் கைதட்டினார். என் காதில், "நான் சொன்னதுதான நைனா" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார். "என் பேரு எங்க கீது, காட்டு." நான்கு அடி தூரத்தில் மேடம் நின்றிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நன்றியுரைப் பக்கத்தில் எங்கோ விரலை வைத்தேன். "இதோ, இங்க" என்றேன். அக்கா அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். சோறு வடித்து, குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறிய பிறகுதான் பேசினார்.

"புஸ்தகத்த என் பொண்ணு படிச்சிச்சு. தெருவுல நாலு பேரு குந்திக்கினு இருந்தாங்க. நீ கை வச்ச எடத்துல நாய்க்கு நன்றின்னு போட்டுகீது நைனா."

நான் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அந்தம்மா போடல, சரி. அது அவங்க புஸ்தகம். உனுக்கு இல்லன்னு சொல்றதுக்கு இன்னா? இனிமே என் பேர யாரும் எங்கியும் எழுத வேணாம். நீயும்தான்."

அந்த வாரத்தோடு நின்றுவிட்டார். அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை. மேடத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. அது அட்டையில் போதுமான அளவு பெரிதாக இருக்கிறது.

போன மாதம் தி.நகர்ப் புத்தகக் கடையில் மறுபதிப்பைப் பார்த்தேன். பளபளப்பான தாள். பின்னட்டையில் அக்காவின் அந்த ஒரு வாக்கியம், மேடத்தின் புகைப்படத்துக்குக் கீழே. நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினேன். நாய் அப்படியே இருந்தது. கடைக்காரர் வேண்டுமா என்றார். மேடத்தைக் கண்டபடி திட்டத் தோன்றியது. புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அன்றும் வாய் திறக்காத கோபம்தான், இன்றும் அதே கோபம்தான்.

இன்று காலை காபிக்குப் பால் வைத்துவிட்டுச் சுவரிலிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூறு வருடத்துக்கும் மேலாக அந்தப் பெண் எஜமானியின் முகத்தையே பார்க்கிறாள். அவளுக்கு வேறு வழியில்லை, வரைந்தவன் அப்படி நிற்க வைத்துவிட்டான். என்னை யாரும் வரையவில்லை. விரலை அந்தப் பக்கத்தில் வைத்தபோது நான் குனிந்து அந்த வரியைப் பார்த்திருக்கலாம்.

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.